மரமீனும் புல்மோட்டைச் சம்மந்தியும்

நான் வாங்கப் போனது ஓர் அலுமாரி. வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன காலம் அது. துரைமாரின் பங்களாக்களில் கிடந்த கதிரை, மேசை, கட்டில் எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கி வைத்து ஏலத்தில் விற்றார்கள். எனக்குப் புதுக் கலியாணம். சேலை வைக்க இடமில்லை என்று மாமியார் சாடையாகவும் மனைவி நேராகவும் சொல்லியிருந்தார்கள். வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்து திறந்து பார்த்தால் அடி லாச்சிக்குள் ஒரு பிஸ்கற் தகரம். தகரத்துக்குள் மீன்கள்.

எல்லாம் மரத்தில் கடைந்த மீன்கள். சில என் நடுவிரல் நீளம், சில ஒரு சாண். பச்சை முதுகு, வெள்ளி வயிறு, செதிலுக்குச் செதில் வர்ணம். கண் மட்டும் கண்ணாடி. வாய்க்குக் கீழே நாக்கு மாதிரி ஒரு சின்னத் தகடு, வயிற்றிலும் வாலிலும் மூன்று கவர் விரிந்த தூண்டில்கள். வள்ளத்துக்குப் பின்னால் நூலில் கட்டி இழுத்தால் அந்த நாக்குத் தகடு தண்ணீரை வாங்கி மீனை நடுங்க வைக்கும். அடிபட்ட மீன் நெளிகிறது என்று நினைத்துப் பெரிய மீன் பாய்ந்து விழுங்கும். விழுங்கிய பிறகு அது என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியாது. நானும் சில சாமான்களை அப்படித்தான் வாங்கியிருக்கிறேன்.

துரைமார் போகும்போது நாய்களைக்கூடக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மீன்களை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கண்ணாடிக் கண்கள் லாச்சிக்குள் கிடந்து என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் பிடித்தது பைத்தியம். கந்தோரில் குமாஸ்தா வேலை, வீட்டில் வரிசையாகப் பிள்ளைகள். இவற்றுக்கு நடுவில் மரமீன் என்று கேள்விப்பட்ட இடமெல்லாம் போனேன். பாறைகளில் சிக்கி அறுந்த மீன்களைச் சங்கு குளிக்கிறவர்கள் எடுத்துத் தந்தார்கள். அவுஸ்திரேலியாவுக்குக் குடியேறப் போன பறங்கிக் கனவான் ஒருவர், வீட்டை விற்றுவிட்டு மரமீன் பெட்டியை என் கையில் தந்து கண் கலங்கினார். அவர் கலங்கியது வீட்டுக்கா மீனுக்கா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மீனைத் திருப்பி வாங்கிவிடுவாரோ என்று பயம்.

சும்மா பூட்டி வைத்துப் பார்க்கிற ஆள் அல்ல நான். ஞாயிற்றுக்கிழமைகளில் கிண்ணியா நானாவின் வள்ளத்தில் போய்த் துறைமுகத்துக்குள்ளே மெதுவாக இழுப்பேன். நானா கிண்ணியாத் துறையடியில் மரக்காலை வைத்திருந்தவர். பலகை விற்கிற மனிதர், என்னைவிடச் சில வயது மூப்பு. தன் மரக்காலைக்கு வரும் மரமெல்லாம் கதவாகவும் கட்டிலாகவும் போகும்போது ஒரு துண்டு மட்டும் மீனாகப் போவதில் அவருக்குத் தீராத ஆச்சரியம். அவர் துடுப்புப் போடுவார். நான் நூலைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லுவேன். சீலா பிடித்திருக்கிறோம், சின்னப் பாரைகள் பிடித்திருக்கிறோம். பல நாள் ஒன்றுமே பிடிக்காமல் வெயிலை மட்டும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு நீந்தத் தெரியாது. துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவன், கோணேசர் மலைக்குக் கீழே கடலைப் பார்த்துப் பார்த்தே வயது போனவன், இடுப்புக்கு மேலே தண்ணீர் ஏறினால் எனக்குத் தேவாரம் வந்துவிடும்.

பிறகு தட்டுப்பாட்டுக் காலம் வந்தது. பாணுக்கு வரிசை, சீலைக்குக் கூப்பன். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராது. தூண்டில்கூட வராது. இறக்கக்கண்டியிலிருந்தும் திரியாயிலிருந்தும் ஆட்கள் என் வீட்டுப் படலையைத் தட்டினார்கள்.

"ஐயா, உங்களிட்ட வெள்ளைக்காரன்ட தூண்டில் கிடக்கெண்டு சொன்னாங்க."

"தூண்டில் இல்லைத் தம்பி, மீன் கிடக்கு. தூண்டில் மீனில கிடக்கு."

"மீனை நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ ஐயா. தூண்டிலைத் தாங்கோ."

மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பிறவி நான். பிள்ளை குட்டிக்காரர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, என் மீனின் அழகு கெட்டுப்போகும் என்று எப்படிச் சொல்வது? குறட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தேன். வருடம் இரண்டு போனது. என் தகரத்தில் கிடந்தவை எல்லாம் பல்லுப் போன கிழவர்கள். ஒன்றை மட்டும் ஒளித்து வைத்திருந்தேன். சிவப்புத் தலை, பால் வெள்ளை உடம்பு, கீறல் இல்லாத கண். ஒரு நாளும் கடலில் நனைக்காத மீன். அதைக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன்.

மனைவிக்கு இந்த மீன்களோடு வேறு பிரச்சினை. எங்கள் வீட்டில் கந்தசஷ்டி பிடிப்பார்கள். விரதம் தொடங்க முதல்நாள் மீன்சட்டி, மீன் வெட்டுகிற கத்தி, அரிவட்டி எல்லாம் குசினியை விட்டு வெளியே விறகுக் கொட்டிலுக்குப் போய்விடும். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர். ஒரு வருடம் அவள் மரமீன் தகரத்தையும் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

"இஞ்சாருங்கோ, உந்த மச்சங்களை வீட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு நான் விரதம் பிடிக்க ஏலாது."

"இது மரமப்பா. பலாமரமும் இதுவும் ஒரு சாதி."

"பலாமரம் பாரையைக் கடிக்கப் பண்ணுமே?"

நியாயமான கேள்வி. இரத்தமும் செதிலும் பட்ட சாமான்தானே. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஐப்பசி வந்தால் மரமீன்களை மஞ்சள் தண்ணீரில் கழுவி, சாம்பிராணிப் புகை காட்டி, வெயிலில் காயவைத்துச் சைவமாக்கிவிட வேண்டும். அதன் பிறகு அவை உள்ளே இருக்கலாம். வருடாவருடம் நான் முற்றத்தில் குந்தியிருந்து, மீன்களுக்குத் தூபம் காட்டியிருக்கிறேன். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அயலவர்கள் என்ன நினைத்தார்களோ, கேட்கவில்லை.

அப்படி ஓர் ஐப்பசியில்தான், விரதத்தின் நடுவில், கொட்டும் மழையில் குடையும் கிழிந்துபோய் நானா வந்து நின்றார். அவருடைய மகளுக்கு அந்தக் கிழமைதான் கலியாணம் நடந்திருந்தது. அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிட்டார். புல்மோட்டைப் பையன், மீன்பிடிக் குடும்பம். மறுநாள் மாப்பிள்ளையின் வாப்பாவும் ஆட்களும் முதல் முதலாகச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள்.

"தம்பி, மாட்டிக்கிட்டன்" என்றார் நானா. கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. "கலியாணப் பேச்சுக்கால் அண்டைக்கு அந்த மனிசன் சொல்லிட்டாரு, எங்களுக்கு மாடும் வேணாம் ஆடும் வேணாம், உங்கட துறைமுகத்துப் பாரைத் தலை பெரிசெண்டு கதை, அதை ஒருக்காப் பாக்கோணும் எண்டு. நான் சும்மா இருந்தனானா? தலை என்ன, உடம்போடயே வைக்கிறன் எண்டு சபையில வாக்குக் குடுத்திட்டன்."

"சந்தையில வாங்க ஏலாதா நானா?"

"சந்தையா? வெளிக்கடல் கொந்தளிச்சுக் கிடக்கு. வள்ளம் எல்லாம் கரையில. சந்தையில பூனைக்கே மீனில்ல." குரலைத் தாழ்த்தினார். "முதல் சாப்பாட்டிலயே வாக்குத் தப்பின வீடு எண்டு அந்தச் சனம் என்ட மகளைக் காலம் முழுக்கச் சொல்லிக் காட்டும் தம்பி. நமக்கு ஒரு நாள் வெக்கம். அவளுக்கு ஆயுசுக்கும்."

பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தேநீர்க் கடையில் ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, 'வலையும் வேண்டாம், காலமும் வேண்டாம், என்ட மரமீன் நினைச்ச நேரம் பாரை கொண்டு வரும்' என்று நான் விளாசிய கதைகள் எல்லாம் அவருடைய கண்ணுக்குள் வரிசையாக நின்றன. கதை விடுகிறவனுக்கு இது ஒரு தொல்லை. ஒரு நாள் யாராவது நம்பிவிடுவார்கள்.

"துறைமுகத்துக்குள்ள தண்ணி தளம்பாமக் கிடக்கு" என்றார் நானா. "புயலுக்குச் சூடை மீன் எல்லாம் உள்ள ஓடி வந்திருக்கும். அதுக்குப் பின்னால பாரை வரும். நாளைக்கு விடியச் சுபஹுத் தொழுதிட்டு வாறன்."

விரதத்தில் மீன் பிடிக்கலாமா? இரவு முழுக்க இதைத்தான் யோசித்தேன். பிடிப்பது மரம், துடுப்புப் போடுவது நானா, சாப்பிடுவது புல்மோட்டை. நான் வெறும் நூல் பிடிக்கிறவன் என்று முருகனுக்கு விளங்கப்படுத்தினேன். மனைவிக்கு விளங்கப்படுத்தவில்லை. கந்தோரில் அவசர வேலை என்று சொன்னேன். கந்தோருக்கு யார் சாரத்தோடு போவார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருந்தது.

விடியற்காலை மழை தூறிக்கொண்டிருந்தது. முதல்நாள் இரவு குடித்த பாலும் ஒரு வாழைப்பழமும் எப்போதோ வயிற்றை விட்டுப் போய்விட்டன. நானா என் தகரத்தைத் திறந்தார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்கும் தூண்டில் இல்ல. இதுக்கும் இல்ல. என்ன தம்பி இது, பொக்கை வாயனுகளைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க? பாரையைக் கொஞ்சிப் பிடிக்கவா போறம்?"

எனக்கு வேறு வழியில்லை. மடியில் செருகியிருந்த கைலேஞ்சியை அவிழ்த்தேன். சிவப்புத் தலையைக் கண்டதும் நானா கையை நீட்டினார், பிறகு மூக்கைச் சுளித்தார்.

"இதென்ன, கோயில் மணக்குது?"

சைவமாக்கிய கதையைச் சொன்னேன். நானா துடுப்பை வள்ளத்துக்குள் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். "அல்லாஹ்வே! நான் பாரை தேடி வந்தா, இந்த மனிசன் விரதம் பிடிக்கிற மீனைக் கொண்டந்திருக்கு."

வள்ளத்தின் முன்பக்க அணியத்துக்குக் கீழே ஒரு பையில் பழைய கருவாட்டுத் துண்டு கிடந்தது. அதை எடுத்து என் சிவப்புத் தலையின் முகத்திலும் வயிற்றிலும் தேய்த்து ஊறப்போட்டார். வெறும் வயிற்றோடு, விரதத்தோடு, அந்த மணத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நான் இருந்தேன். ஒரு நாளும் கடலில் நனையாத மீன். என் கண் முன்னாலேயே அதைத் திரும்ப மச்சமாக்கினார் மனிதர்.

மெதுவாக இழுத்தோம். சீனன்குடாப் பக்கம் ஒரு சுற்று, திரும்பி வந்து பாறை ஓரமாக ஒரு சுற்று. வெளியே கடல் இரைகிற சத்தம் மலைக்கு அப்பாலிருந்து கேட்டது. உள்ளே தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. கை மரத்துப் போயிற்று. மழை நின்று, திரும்பவும் தொடங்கியது. தங்கூசி நூலைக் கட்டையில் சுற்றாமல் சோம்பலில் காலடியில் குவித்து வைத்திருந்தேன்.

"கயித்தைக் காலடியில போடாதீங்க எண்டு எத்தனை தரம் சொல்றது?"

"அது சும்மா கிடக்கு நானா. நீங்க துடுப்பைப் பாருங்க."

சொல்லி வாய் மூடவில்லை. கப்பல்களைக் கட்டி நிறுத்துகிற பெரிய மிதவைக்குப் பக்கத்தில் வைத்து யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். மீன் இழுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அரசாங்கம் இழுக்கிற மாதிரி இருந்தது, காரணமும் இரக்கமும் இல்லாமல். நூல் என் விரலைச் சுட்டுக்கொண்டு ஓடியது. காலடியில் குவிந்து கிடந்தது உயிர் வந்து துள்ளியது. அதில் ஒரு வளையம் என் கணுக்காலில் விழுந்து இறுகியது.

நான் கத்தினேன். முதலில் முருகனைக் கூப்பிட்டேன். விரதத்தில் மீன் பிடிக்கிறவனுக்கு முருகன் எப்படி வருவான் என்று யோசித்துக் கோணேசரைக் கூப்பிட்டேன், பிறகு பத்திரகாளியை, பிறகு நானாவின் வள்ளம் என்பதால் மரியாதைக்கு அல்லாஹ்வை, கடைசியாக எங்கள் தெரு முனைக் கோயில் மாதாவை. ஒருவரும் வராத இடைவெளியில் வள்ளத்தில் கிடந்த மீன் வெட்டுகிற கத்தி என் கையில் இருந்தது. அது எப்படி என் கைக்கு வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இனி நடந்ததை நானா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் துடுப்பைப் போட்டுவிட்டுப் பாய்ந்து இரண்டு கையாலும் நூலைப் பிடித்துவிட்டார். பாரை மிதவைச் சங்கிலிப் பக்கம் ஓடியதைத் திருப்பியும் விட்டார். நூலில் தொய்வு விழுந்ததும் என் காலில் இருந்த வளையம் கழன்று, செருப்போடு சேர்ந்து வள்ளத்துக்குள் விழுந்துவிட்டது.

"கால் வெளியில வந்திட்டு தம்பி! வந்திட்டு! வெளியில வந்திட்டு!" என்று அவர் கத்திக்கொண்டே இருந்தாராம்.

கால் வெளியே வந்துவிட்டது. பயம் வெளியே வரவில்லை. நான் வெட்டினேன். நானாவின் கைக்கும் கடலுக்கும் இடையில், நல்ல இறுக்கமாக நின்ற இடமாகப் பார்த்து வெட்டினேன். நானா கால் இரண்டும் மேலே போக மல்லாக்க விழுந்தார்.

எழும்பிப் பார்த்தோம். தண்ணீரில் ஒரு பெரிய சுழி விரிந்து அடங்கியது. என் சிவப்புத் தலை அந்த வாயோடு போய்விட்டது. வேறு தூண்டில் இல்லை.

திரும்பி வரும் வழியில் நானா ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். துடுப்பை ஒரே சீராகப் போட்டார், இனி அவசரம் ஒன்றும் இல்லாத மனிதரைப் போல. நான் ஒரு பகிடி சொல்ல வாயைத் திறந்தேன். மழைத்தண்ணீர்தான் உள்ளே போயிற்று.

மத்தியானம் நானா வீட்டுக்குப் புல்மோட்டை ஆட்கள் வந்தார்கள். சம்மந்தி பெரிய உருவம், கரைவலை இழுத்து இழுத்துத் தோள் இரண்டும் மேலேறி நின்றன. பாய் விரித்து, பலர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் சஹன் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். நெய்ச்சோறு, கோழி, மாட்டிறைச்சி, கத்தரிக்காய். நடுவில் தலை இருக்க வேண்டிய இடத்தில் பருப்பு இருந்தது. நான் விரதக்காரன் என்று ஒரு மூலையில் இளநீரோடு இருத்தியிருந்தார்கள்.

சம்மந்தி தட்டைப் பார்த்தார். நானாவைப் பார்த்தார். "கடல் மோசம்தானே சம்மந்தி" என்றார் மரியாதையாக. "எங்கட வள்ளமும் கரையிலதான்."

அந்த மரியாதையைத் தாங்க ஏலாமல் இருந்தது. பக்கத்திலிருந்த அவருடைய ஆள் ஒருவர் கோழிக்காலை எடுத்துக்கொண்டு, "துறைமுகத்துப் பாரை வாக்கிலதான் பெரிசு போல" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானா தலை நிமிரவில்லை. உள்ளே பெண்கள் இருந்த பக்கத்துச் சீலைத் திரைக்குக் கீழே மருதோண்டி போட்ட இரண்டு கால்கள் அசையாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது.

எனக்கு எழும்ப விருப்பமில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் எழும்பிவிட்டேன்.

"பாரை வந்தது" என்றேன். "நான்தான் அறுத்தனான்."

எல்லோரும் திரும்பினார்கள். பிறகு நான் செய்தது எனக்குத் தெரிந்த ஒரே வேலை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பாயின் ஓரத்தில் வள்ளத்தில் இருப்பதுபோல இருந்து, இளநீர்க் கோம்பையைத் துடுப்பாக்கி நானாவாக ஏசினேன். நானாக நூலைப் பிடித்தேன். சாம்பிராணி காட்டினேன், கருவாடு தேய்த்தேன். முருகனிலிருந்து மாதா வரைக்கும் எல்லோரையும் அதே குரலில் திரும்பக் கூப்பிட்டேன். அல்லாஹ்வை நாலாவதாகக் கூப்பிட்டதற்குக் கிழவர் ஒருவர் முறையிட்டார். அவசரத்தில் வரிசை பார்க்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டேன். நானா மல்லாக்க விழுந்த இடம் வந்தபோது கோழிக்கால் பிடித்திருந்தவருக்குப் புரையேறியது. திரைக்குப் பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

சம்மந்தி மட்டும் சிரிக்கவில்லை. சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

"எந்தப் பக்கம் இழுத்தது?"

"மிதவைப் பக்கம்."

"மேலயா, கீழயா?"

"கீழ. தலையை ஆட்டி ஆட்டி."

"காலைக் காட்டுங்க."

காட்டினேன். கணுக்காலைச் சுற்றி நூல் வெட்டிய தடம் சிவந்து வீங்கி இருந்தது. சோற்றுக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, மற்றக் கையின் பெருவிரலால் அதை அழுத்திப் பார்த்தார். எனக்கு வலித்தது. அவர் திரும்பவும் அழுத்தினார்.

"பாரைதான்" என்றார் தன் ஆட்களைப் பார்த்து. "சின்னது இப்பிடி வெட்டாது." பிறகு நானாவின் பக்கம் திரும்பினார். "சம்மந்தி, நீங்க வாக்குத் தப்பல்ல. உங்கட தலை வந்திருக்கு. இந்த மனிசன்தான் அதை வழியில விட்டுட்டு வந்திருக்கார். சாப்பிடுங்க."

நானா அப்போதுதான் சோற்றில் கை வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னைப் படலையிலேயே நிறுத்தி, கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் வாளி வாளியாக வார்த்தாள். மஞ்சள் தண்ணீர்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு எது நடந்தாலும், பிள்ளைக்குப் பேர் வைத்தாலும், சுன்னத்துச் செய்தாலும், யாராவது சவூதிக்குப் போனாலும், எனக்குச் சொல்லி அனுப்புவார்கள். சாப்பாடு முடிய ஒருவர் தொண்டையைச் செருமுவார். "அந்தப் பாரையைக் கொஞ்சம் பிடிப்பமா?" நான் எழும்புவேன். தட்டுப்பாடும் போய், இப்போது கடைகளில் சிங்கப்பூர் பிளாஸ்டிக் மீன்கள் தொங்குகின்றன. நான் இன்னமும் அதே பாரையைப் பிடித்து அதே பாரையை அறுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மனிதன் வாழ்நாளில் ஒரு தரம் பயந்தால் போதாதா? எனக்கு முழங்கால் வலி. குந்தினால் எழும்ப ஏலாது. கத்தினால் இரவில் இருமல்.

போன முறை போயிருந்தபோது உண்மையாகவே களைத்துப்போனேன். மாப்பிள்ளையின் பிள்ளைகள் முன்னுக்கு இருந்தார்கள். முருகன், கோணேசர், காளி, அல்லாஹ், மாதா எல்லோரையும் கூப்பிட்டு முடித்தாயிற்று. கத்தி கைக்கு வந்துவிட்டது. அந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை வருடம் போய்விட்டது, அந்தப் பாவம் நானாவும் எத்தனை தரம்தான் மல்லாக்க விழுவார். கத்தியைக் கீழே வைத்தேன். நூலைக் கை மாற்றி மாற்றி இழுத்தேன். பாரையை மெதுவாக வள்ளத்துப் பக்கம் கொண்டு வந்தேன்.

"இல்ல!" என்று பிள்ளைகள் கத்தின. "மாமா, அது இல்ல! வெட்டுங்க!"

புல்மோட்டைச் சம்மந்தி கையை வீசி, "என்ன பிழையாச் சொல்றீங்க?" என்றார்.

நான் நானாவைப் பார்த்தேன். இப்போது கண் சரியாகத் தெரியாது அவருக்கு. சாய்மனைக் கதிரையில், மடியில் பேரப்பிள்ளையோடு இருந்தார். சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, விழுவதற்கு ஆயத்தமாகக் கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டுங்க தம்பி" என்றார்.

வெட்டினேன்.